நாலாம் நம்பர் பஸ்ஸின் பிள்ளைகள்

அவளுக்கென்று ஒரு பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்ததோடு சரி. பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. வாண்டு முதல் பிரின்சிபால் வரை எல்லோருக்கும் அவள் பஸ்ஸக்கா. பதினொரு வருஷம் நாலாம் நம்பர் பஸ்ஸின் படிக்கட்டை ஒட்டி நின்றபடியே போய் வந்தவள். சின்னதுகளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றுவாள். ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் குடுமிப்பிடிச் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்வாள். வாந்தி எடுத்த பிள்ளைக்கு வாய் துடைத்துவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்குள் தரையையும் துடைத்துவிடுவாள்.

அவளுக்குப் பக்கத்திலேயே பதினொரு வருஷமும் ஸ்டீயரிங் பிடித்தவரைப் பிள்ளைகள் மாமா என்பார்கள். அவருக்கு இவள் தங்கச்சி. கண்ணாடியில் தூசி, கிளம்ப இரண்டு நிமிஷம் தாமதம், யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர்க்குப்பி என்று தினம் ஒன்றுக்காக இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள். கூடப் பிறந்தவர்கள் தோற்றார்கள் என்று மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு மழைநாளில், திங்கட்கிழமை காலை, எதிரே வந்த டேங்கர் லாரி ஒன்று முன்னால் போன வண்டியை முந்துகிறேன் என்று இவர்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது. மாமா பஸ்ஸை இடதுபுறமாக ஒடித்தார். லாரி உரசிக்கொண்டு போனது. பஸ் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது. உள்ளே பத்தொன்பது பிள்ளைகள். பஸ்ஸக்காவுக்குத் தோளை ஒட்டிய காறையெலும்பு முறிந்துவிட்டது. நல்ல கையால் ஒவ்வொரு பிள்ளையாகப் பின்கண்ணாடி வழியே தள்ள, ஓடி வந்த கடைக்காரர்கள் வெளியே வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேருக்குக் கை முறிவு, ஒருவனுக்கு முன்பல் உடைந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பும் தையலும். பிள்ளைகளில் எந்த உயிரும் போகவில்லை. மாமா மட்டும் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்மூடிவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் விடுமுறை விட்டார்கள். திறந்த அன்று ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். பிறகு எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளைகள் காதுபட யாரும் விபத்து என்ற வார்த்தையையே எடுக்கக்கூடாது என்று பிரின்சிபால் ஆசிரியர்களுக்குச் சொல்லிவிட்டார். நல்ல மனுஷிதான். பேசாமல் இருந்தால் பிஞ்சு மனசு தானாக மறந்துவிடும் என்று மனதார நம்பினார். புது பஸ் ஒன்று வந்தது. அதற்கும் நாலு என்றே நம்பர் எழுதினார்கள்.

இரண்டு மாதம் கழித்து பஸ்ஸக்கா வேலைக்குத் திரும்பினாள். தோள் இன்னும் வலிக்கிறது, பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாது என்றாள். பிரின்சிபால் ஒரு கேள்வியும் கேட்காமல் வாசல் கேட்டருகே ஒரு நாற்காலி போட்டு, தாமதமாக வருகிறவர்களின் பெயரை எழுதும் நோட்டைக் கையில் கொடுத்தார்.

உண்மையில் தோள் எப்போதோ கூடிவிட்டது. வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே யாரும் பார்க்காத நேரமாக ஷெட்டுக்குப் போய், புது பஸ்ஸின் முதல் படியில் ஒரு கால் வைத்துப் பார்த்தாள். கால் துவண்டது. உள்ளங்கை வேர்த்து, கம்பி வழுக்கியது. காதுக்குள் கண்ணாடி நொறுங்கியது. காலை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தவள், அதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் அவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடும்போது, பின்னால் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொள்வாள். தூக்கம் பத்தவில்லையா என்று அவர் கேட்பார். ஆமாம் என்பாள்.

கேட்டருகே உட்கார்ந்த பிறகுதான் சில விஷயங்கள் அவள் கண்ணில் படத் தொடங்கின.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள் என்று மாமா அவளுக்கு மைனா என்று பெயர் வைத்திருந்தார். ஆசிரியர்கள்கூட அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால்தான் அவள் இடம். "மாமா, இப்ப எவ்வளவு வேகம்? மாமா, அந்தச் சிவப்பு விளக்கு எதுக்கு?" என்று நாள் தவறாமல் குடைவாள். அந்த மைனா இப்போது தினமும் எட்டு ஐம்பதுக்கு, முதல் பாடம் தொடங்கிய பிறகு, நடந்து வந்தாள். முக்கால் மணி நேர நடை. கூடவே டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் அப்பா, விரல் இடுக்கெல்லாம் போகாத கறுப்போடு. மகளைக் கேட்டுக்குள் அனுப்பிவிட்டு, அவள் வகுப்புக்குள் நுழையும்வரை நின்று பார்த்துவிட்டு, பிறகு ஓட்டமும் நடையுமாகக் கடைக்குத் திரும்புவார். பஸ்ஸில் ஏறச் சொன்னால் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறதாம். மைனா ஒன்றும் பேசமாட்டாள். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். மூன்று தாமதத்துக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் என்பது விதி. ஏழு கடிதம் போயிருந்தது.

மைனா மட்டுமில்லை. முதலுதவி அறையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா ஒரு நாள் டீ குடிக்க வந்த இடத்தில், நாலாம் நம்பர் பிள்ளைகளுக்கு மட்டும் வாரத்தில் நாலு நாள் எப்படித்தான் வயிறு வலிக்கிறதோ என்று அலுத்துக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பில் குட்டி பயில்வான் என்று பெயர் வாங்கிய, ஒரு ஈயைக்கூட அடிக்காத பையன், பின்னால் ஒருத்தன் விளையாட்டாக மேஜையைத் தட்டியதற்கு அவன் மூக்கை உடைத்துவிட்டான். ஆறாம் வகுப்புப் பெண்ணும் இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவள் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரு மணி நேரம் தாங்கமாட்டார்கள். பாடத்தின் நடுவே அந்தச் சின்னவன் எழுந்து, வராந்தாவைத் தாண்டி ஓடி, அக்கா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவான். திமிர், சோம்பேறித்தனம், செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்று ஆசிரியர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

பஸ்ஸக்கா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரே பிரின்சிபால் அறைக்குப் போனாள். பதினொரு வருஷத்தில் கூப்பிடாமல் அந்த அறைக்குள் அவள் போனதில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நோட்டைப் புரட்டி ஒவ்வொரு பெயராகக் காட்டினாள்.

"மேடம், இவங்க எல்லாரும் என் பஸ் பிள்ளைங்க. நாம பேசலைன்னா மறந்துடுவாங்கன்னு சொன்னீங்க. ஒருத்தரும் மறக்கலை. நம்ம முன்னால பேசாம இருக்கக் கத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

பிரின்சிபால் நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரையாவது கூட்டி வர வேண்டும், இது நமக்குத் தெரிந்த வேலை இல்லை என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் பஸ்ஸக்காவுக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

பத்து நாளில் ஓர் ஆலோசகர் வந்தார். மெலிந்த உடம்பு, தோளில் துணிப்பை, முப்பது வயதுகூட இருக்காது. புதன்கிழமைதோறும் வந்ததால் பிள்ளைகள் அவரைப் புதன்கிழமை மேடம் ஆக்கிவிட்டார்கள். முதல் நாள் அவர் பிள்ளைகள் பக்கமே போகவில்லை. ஆசிரியர்களை உட்கார வைத்துப் பேசினார். ஆபத்தைப் பார்த்த உடம்பு அது முடிந்துபோனதை அவ்வளவு சீக்கிரம் நம்பாது என்றார். மேஜையில் தட்டும் சத்தம் அந்தப் பையன் காதில் லாரியாகத்தான் விழுகிறது. கை ஓங்கிய பிறகுதான் அவனுக்கே அது மேஜை என்று தெரிகிறது. அதட்டினால் பயம் கூடும். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பயம் குறையும். வேண்டும்போது எழுந்து போகலாம் என்று தெரிந்தாலே பாதிப் பிள்ளைகள் போகமாட்டார்கள்.

அப்படித்தான் மாற்றங்கள் வந்தன. அபாய மணியைச் சோதிக்கும் நாளை முதல் நாளே வகுப்பில் சொன்னார்கள். கேட்ட பிள்ளைகளுக்குக் கதவோரம் இடம் கொடுத்தார்கள். அக்காவும் தம்பியும் ஒவ்வொரு இடைவேளையிலும் சந்தித்துக்கொள்ள வராந்தாவில் ஓர் இடம் ஒதுக்கினார்கள். மைனாவின் பெயரைத் தாமத நோட்டில் எழுத வேண்டாம் என்று பிரின்சிபாலே கேட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். நாலாம் நம்பர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மஞ்சள் அட்டை. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் நூலகத்துக்குப் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

இந்த அட்டை, கணக்கு சாருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. நாளைக்கே எல்லோருக்கும் மஞ்சள் அட்டை கேட்கும் வியாதி வரும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நாலாம் நம்பர் பஸ்ஸை வெளியிலிருந்துகூடப் பார்க்காத இரண்டு பேர், அட்டையைப் பார்த்து வரைந்து வண்ணம் அடித்து, சரியாக அவர் பாட நேரத்துக்கு நூலகம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சார் அவர்களை அங்கேயே பிடித்து, பின்னக் கணக்கு இருபது போட வைத்துத்தான் விட்டார்.

புதன்கிழமை மதியங்களில் அந்தப் பத்தொன்பது பிள்ளைகளும் நூலகத்தில் கூடினார்கள். படம் வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், சும்மாவும் இருந்தார்கள். நடந்ததைச் சொல் என்று மேடம் யாரையும் கேட்டதே இல்லை. பஸ்ஸக்காவையும் வந்து உட்காரச் சொன்னார். நான் எதற்கு, எனக்கு என்ன தெரியும் என்று அவள் நழுவப் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாங்க. நான் இவங்களுக்குப் புது ஆள். அன்னிக்கு இவங்களை வெளிய தூக்கி விட்டது உங்க கை. நீங்க நல்லா இருக்கிறதை இவங்க தினம் பாக்கட்டும்."

நான் நல்லாவா இருக்கிறேன் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே பஸ்ஸக்கா போய் உட்கார்ந்தாள். மைனா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு தாளில் அடிக்கோல் வைத்துக் கோடு மேல் கோடாகப் போட்டுக்கொண்டிருப்பாள். ஐந்து வாரம் அவள் வாயிலிருந்து ஒரு சொல் விழவில்லை.

ஆறாவது வாரம், பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் பஸ்ஸக்காவைக் கூப்பிட்டு ஒரு பெரிய கோணிப்பையைக் காட்டினார். பழைய பஸ்ஸில் கிடந்த சாமான்கள். வழக்குக்காகப் போலீஸ் வைத்திருந்து இப்போதுதான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சேறு காய்ந்து கிடக்கிறது, குப்பையில் போட்டுவிடவா என்றார். பஸ்ஸக்கா கோணியின் வாயைப் பிரித்தாள். மேலாக இருந்தது கரடி பொம்மை தொங்கும் ஒரு ஸ்கூல் பை. யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. அவளுக்கு எல்லாமே தெரியும். எந்தப் பை யாருடையது, எந்தக் குப்பிக்கு மூடி சரியில்லை, யார் சாப்பாட்டு டப்பாவில் என்ன மிச்சம் வரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கோணியைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

இரண்டு நாள் துவைத்தாள், தேய்த்தாள், வெயிலில் போட்டாள். டப்பாக்களைச் சோடா போட்டுக் கழுவினாள். புத்தகங்கள் உருப்படவில்லை, பெயர் எழுதிய அட்டைகளை மட்டும் வெட்டி எடுத்தாள். திரும்பக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு மறுபடி வலிக்குமோ என்று மேடத்தைக் கேட்டாள். வலிக்கலாம், ஆனால் அது அவர்களுடைய பொருள், அவர்களே முடிவு செய்யட்டும் என்றார். பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் முன்பே சொன்னார்கள்: புதன்கிழமை இன்னின்ன பொருள் இருக்கும், விருப்பப்பட்டவர்கள் வரலாம், தொடப் பிடிக்காவிட்டால் தொட வேண்டாம், கதவு திறந்தே இருக்கும்.

பத்தொன்பது பேரும் வந்தார்கள். நூலகத்து நீள மேஜையில் எல்லாம் வரிசையாக இருந்தது. முதலில் யாரும் கிட்டே போகவில்லை. பிறகு அந்த இரண்டாம் வகுப்புச் சின்னவன் தன் ஒற்றைச் செருப்பை அடையாளம் கண்டு எடுத்து, காலில் போட்டுப் பார்த்தான். கால் வளர்ந்துவிட்டது. பெருமையாக எல்லோரிடமும் காட்டினான். அதற்குப் பிறகு கைகள் நீண்டன. ஒரே ஒரு டப்பா மட்டும் பஸ்ஸக்காவாலும் திறக்க முடியாமல் அப்படியே இருந்தது. குட்டி பயில்வான் அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான்.

"இதைத் தொறக்காதீங்கக்கா. தொறந்தா ஸ்கூலுக்கே ஒரு வாரம் லீவு விடணும்."

அந்த அறையில் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மேஜையின் கடைசியில் மாமாவுடைய சாமான்கள் இருந்தன. ஒரு துண்டு, ஒரு கண்ணாடிக்கூடு, முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை. அவற்றை வைக்கலாமா வேண்டாமா என்று பஸ்ஸக்கா கடைசிவரை தயங்கித்தான் வைத்திருந்தாள். சிரிப்பு அடங்கும்போது மைனா அங்கே போய் நின்றிருந்தாள். தலையணையைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ்ஸக்கா பக்கத்தில் போனாள்.

"அக்கா, ரேடியோவைக் கூட்டி வைக்கச் சொன்னது நான்தான்."

குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் பஸ்ஸக்காவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னிக்கு. மழைச் சத்தத்துல பாட்டு கேக்கலை. சத்தம் கூட்டுங்க மாமான்னு சொன்னேன். உடனே லாரி வந்துடுச்சு. அவர் ரேடியோகிட்ட கையைக் கொண்டு போயிருப்பாரு. அதனாலதான். நான் கேக்காம இருந்திருந்தா ரோட்டைப் பாத்திருப்பாரு."

நாலு மாதமாக இந்தப் பிள்ளை வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதானா என்று பஸ்ஸக்கா மேடத்தைப் பார்த்தாள். மேடம் லேசாகத் தலையசைத்தார். பஸ்ஸக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், மைனாவின் முகத்துக்கு நேராகத் தன் முகம் இருக்கும்படி.

"நான் எங்க நின்னேன் அன்னிக்கு?"

"படிக்கட்டுகிட்ட. மாமாவுக்குப் பக்கத்துல."

"அவர் கை எனக்கு இவ்வளவு கிட்ட. நீ கேட்டதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'இரு மைனா, இந்த வளைவு தாண்டட்டும்'னார். மழையில உனக்குக் கேக்கலை. எனக்குக் கேட்டுச்சு. ரேடியோ பக்கம் அவர் கை போகவே இல்லை. ரெண்டு கையும் ஸ்டீயரிங்குல இருந்துச்சு. கண்ணு ரோட்டுல இருந்துச்சு. அதனாலதான் அவ்வளவு சட்டுன்னு ஒடிக்க முடிஞ்சுது. அதனாலதான் நீயும் நானும் இங்க உக்காந்திருக்கோம்."

"என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றீங்களா?"

"போலீஸ்கிட்ட எழுதிக் கொடுத்ததும் இதுதான். உனக்காக இப்ப உண்டாக்கினது இல்லை."

மைனா அவள் கண்ணையே பார்த்தாள். பொய்யைத் தேடுகிற பார்வை. பஸ்ஸக்கா கண்ணைத் திருப்பவில்லை. பிள்ளையின் உதடு கோணியது. பிறகு நாலு மாதத்து அழுகையும் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸக்கா இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். அழாதே என்று சொல்லவில்லை.

அதைப் பார்த்த குட்டி பயில்வான் திறக்காத டப்பாவைக் கையில் பிடித்தபடியே, தான் அன்றைக்கு சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டிருந்ததாகவும், அதனால்தான் பஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னான். ஆறாம் வகுப்புப் பெண், தம்பியின் கையைத் தான் விட்டுவிட்டதாகச் சொன்னாள். ஒவ்வொன்றாக வந்தது. அந்த ஒரு லாரி செய்த தப்பை இத்தனை பிள்ளைகளும் பங்கு போட்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள். மேடம் ஒவ்வொருவரையும் கடைசிவரை பேசவிட்டார். குறுக்கே பேசவில்லை. ஒவ்வொருவர் சொன்னதற்கும் நேரான பதில் சொன்னார். ஒரு பையன் நிற்பதால் எட்டு டன் பஸ் சாயாது என்று சொன்னபோது, அந்தப் பக்கமாகப் போன கணக்கு சாரே உள்ளே வந்து கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். குட்டி பயில்வானின் எடையை வைத்து வகுத்து, உன்னைப் போல இன்னும் நூறு பேர் நின்றாலும் நடக்காது என்று நிரூபித்தார்.

பஸ்ஸக்கா வாய்க்குள் எதையோ மென்றுகொண்டே இருந்தாள். பிறகு, பிள்ளைகள் முன்னால் சொல்லலாமோ கூடாதோ என்று யோசிக்குமுன்பே சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவள் வீட்டிலிருந்து கிளம்ப ஐந்து நிமிஷம் தாமதம். சீக்கிரம் விடுங்கண்ணே என்று மாமாவை அவசரப்படுத்தியவள் அவள்தான்.

மைனா மடியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அவர் வேகமாவே போகலையேக்கா. நான்தான் வேகம் காட்டுற முள்ளைப் பாத்துக்கிட்டே இருந்தேனே. நீங்க சொன்னதுக்கு அப்புறமும் முப்பத்தஞ்சுதான். மழைன்னா அவர் அதுக்கு மேல போகவே மாட்டாரு."

பஸ்ஸக்காவுக்கு இதை எந்தப் போலீஸும் சொல்லவில்லை, எந்த டாக்டரும் சொல்லவில்லை. கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை நீட்டியதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாமாவின் சாமான்களை என்ன செய்வது என்று பிள்ளைகளே பேசி முடிவெடுத்தார்கள். மாமா என்றால் அவர் மனைவி நமக்கு அத்தைதானே என்று மைனா கேட்டதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். பள்ளிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோர் சம்மதித்த பதினாறு பிள்ளைகள் வரிசையாக நடந்து போனார்கள். மாமாவை வழியனுப்பப் போக அப்போது அவர்களை யாரும் விடவில்லை. அத்தை கதவைத் திறந்து, இத்தனை தலைகளைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள். உட்கார வைக்க நாற்காலி போதவில்லை. எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் மாமாவைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கொட்டினார்கள்: சிக்னலில் நிற்கும்போது விடுகதை போடுவது, தும்மினால் பஸ்ஸே அதிர்வது, பரீட்சை நாளில் ஒவ்வொருவரிடமும் பேனா இருக்கிறதா என்று கேட்பது. வீட்டில் இவ்வளவு பேசமாட்டாரே, எல்லாவற்றையும் உங்களிடமா வைத்திருந்தார் என்று அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள். மறுபடி எப்போது வருவீர்கள் என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

மிச்சம் இருந்தது பஸ். ஏறித்தான் ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை, ஆனால் முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு மாலை வகுப்பு முடிந்ததும் பஸ் மைதானத்தில் நிற்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். முதல் நாள் ஒன்பது பிள்ளைகள் பஸ்ஸைச் சுற்றி நின்றார்கள். பஸ்ஸக்கா கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் நின்றாள். மைனா அவளிடம் வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு நெசமாவே தோள்தான் வலிக்குதா?"

பஸ்ஸக்காவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லடி. பயம். படியில கால் வெச்சா நடுங்குது."

"எனக்கும் அப்படித்தான். நீங்க வெக்கிறப்போ நானும் வெக்கிறேன்."

அன்றைக்கு இரண்டு பேரும் முதல் படியில் ஏறி, பத்து எண்ணி, இறங்கினார்கள். அவ்வளவுதான். மறுநாள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கதவு திறந்திருந்தது, இன்ஜின் அணைந்திருந்தது. புது டிரைவர் முன்பு சரக்கு வண்டி ஓட்டியவர். இத்தனை நாள் பெட்டிகளை ஏற்றினேன், பெட்டிகள் பயப்படாது, நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டார். சாவியைத் திருப்புமுன் ஒவ்வொரு முறையும், "போடட்டுமா?" என்று கேட்பார். பிள்ளைகள் சரி என்றால்தான் போடுவார். நாலு நாள் அவர்கள் வேண்டாம் என்றார்கள். நாலு நாளும் அவர் செய்தித்தாள் படித்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் குட்டி பயில்வான் பெரிய தளபதி மாதிரி கையை உயர்த்தி அனுமதி கொடுத்தான். இன்ஜின் உறுமியதும் எல்லோரும் பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ்ஸக்காவின் விரல்களை மைனா நசுக்கிய நசுக்கில் இரண்டு நாள் வலித்தது. ஆனால் யாரும் இறங்கி ஓடவில்லை.

இரண்டு வாரம் மைதானத்தைச் சுற்றினார்கள். பிறகு தெரு. பிறகு கடைவீதி. அதற்குப் பிறகு அந்தச் சாலை. வளைவு தெரிந்ததுமே மைனாவின் முகம் வெளுத்தது. இறங்க வேண்டும் என்றாள். புது டிரைவர் உடனே ஓரம்கட்டி, நாலு விளக்கையும் மின்னவிட்டார். மைனாவும் பஸ்ஸக்காவும் இறங்கி நடந்தார்கள். பள்ளத்தில் புல் முளைத்திருந்தது. ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்லை. மைனா எட்டிப் பார்த்தாள். இவ்வளவுதான் ஆழமா, இன்னும் பெரிய பள்ளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். பின்னால் பஸ் ஆமையாக ஊர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. புது டிரைவர் தலையை வெளியே நீட்டி, சீக்கிரம் போகிறவர்களுக்கு அங்கே யாரும் பதக்கம் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை என்று பின்னால் இருந்தவர்களுக்கு அமைதியாக எடுத்துச் சொன்னார். வளைவு தாண்டியதும் இரண்டு பேரும் மறுபடி ஏறிக்கொண்டார்கள். மூன்று நாள் இப்படி நடந்தே தாண்டினார்கள். நாலாம் நாள் மைனா எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை எண்ணி, உட்கார்ந்தபடியே தாண்டினாள்.

எல்லோரும் ஒரேபோல் தேறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வருஷக் கடைசியில் பதின்மூன்று பேர் பஸ்ஸில் வந்தார்கள். அக்காவும் தம்பியும் அவர்கள் சித்தப்பாவோடு ஸ்கூட்டரில்தான் வருகிறார்கள். அதில் யாருக்கும் குறை இல்லை. ஒரு பையனுக்கு இன்னும் மழை பெய்தால் வயிறு வலிக்கிறது. மேடம் அவனை இப்போதும் புதன்கிழமைகளில் பார்க்கிறார். கணக்கு சார் கரும்பலகையில் டஸ்டரைத் தட்டுவதற்கு முன் "தட்டப்போறேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகிறார். பஸ்ஸக்கா கேட்டருகே இருந்த நாற்காலியைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டாள். சில நாள் காரணமே இல்லாமல் உள்ளங்கை வேர்க்கும். அப்போது மேடம் சொல்லித்தந்தபடி கம்பியின் குளிர்ச்சியை, செருப்புக்கடியில் தரையின் அதிர்வை, ஒவ்வொன்றாகக் கவனித்தபடி நிற்பாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். வீட்டுக்காரரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் என் முதுகுக்குப் பின்னால் இப்படியா உட்கார்ந்து வந்தாய் என்று அவர் கேட்டார். அதன்பிறகு வளைவுகளில் மெதுவாகத் திருப்புகிறார்.

புது வகுப்பு தொடங்கிய ஒரு காலையில் பஸ் மைனாவின் நிறுத்தத்துக்கு வந்தது. அவள் அப்பா கூட வந்திருந்தார். முக்கால் மணி நேரம் நடக்க வேண்டிய தேவை போய்விட்டாலும், நிறுத்தம்வரை வராமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மைனா ஏறினாள். அவளுடைய ஜன்னல் சீட்டில் குட்டி பயில்வான் உட்கார்ந்திருந்தான். எழுந்திரு என்றாள். உன் பெயர் எழுதியிருக்கிறதா என்று அவன் கேட்டான். வாக்குவாதம் முற்றி, பை இழுபட்டு, பஸ்ஸக்கா இரண்டு பேர் காதையும் பிடிக்கப் போகும் நிலைக்கு வந்துவிட்டது. வெளியே மைனாவின் அப்பா கையை உயர்த்தி ஆட்டினார். மகள் பார்க்கவில்லை. இன்னொரு முறை ஆட்டினார். அவளுக்குச் சண்டையில் நேரமில்லை.

அவர் கையைக் கீழே போட்டார். பஸ்ஸக்கா ஜன்னல் வழியே அவரைப் பார்த்தாள். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்தது. அவர் திரும்பி, அவசரமில்லாமல் கடைப் பக்கம் நடந்தார்.